ஜெயிக்கிற குதிரையா, நம்ம குதிரையா? ஜார்ஜியாவிலிருந்து ஒரு வலதுசாரிப் பையனின் புலம்பல்

பீச்ட்ரீ_பையன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடியரசுக் கட்சிக்காரன். வயது 24. ஆறாம் வகுப்பு வரை திருச்சி, அப்புறம் அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு புறநகர். வரி குறைய வேண்டும், அரசாங்கம் அளவோடு இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் அது மூக்கை நுழைக்கக் கூடாது என்று நினைக்கிறவன். இதற்காக என்னைத் திட்டுவதென்றால் தனி இழை தொடங்குங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே பேச வந்தது வேறு.

நான் ஓட்டுப் போட்ட முதல் ப்ரைமரி, அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல், 2022 மே மாதம். செனட் வேட்பாளராக ஹெர்ஷல் வாக்கர் நின்றார். ஜார்ஜியா பல்கலைக்கழக அணிக்கு ஃபுட்பால் ஆடி 1982-ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர், இங்கே அவர் பெயர் தெரியாத ஆளே கிடையாது. அரசியல் அனுபவம் சுத்தமாக இல்லை. எதிர்த்து நின்றவர்களில் மாநில வேளாண் ஆணையர் கேரி பிளாக் ஒருவர். வாக்கரின் பழைய வாழ்க்கை நவம்பரில் நம் தலையில்தான் விடியும் என்று அவர் ஊர் ஊராகச் சொன்னார். யார் கேட்டது? வாக்கருக்கு 68 சதவீதம், பிளாக்குக்கு 13. அந்தப் 13-ல் நானும் உண்டு.

நவம்பரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. கவர்னர் பிரையன் கெம்ப் 21 லட்சத்துக்கு மேல் வாங்கி, ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸை ஏழரைப் புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். வாக்கருக்கு 19 லட்சம் சொச்சம். அதாவது கெம்புக்குப் போட்டுவிட்டு, அதே சீட்டில் வாக்கருக்கு மட்டும் கையை இழுத்துக்கொண்டவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். செனட்டுக்கு யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காததால் வந்த டிசம்பர் 6 மறுசுற்றில் ஜனநாயகக் கட்சியின் ராஃபேல் வார்னாக் ஜெயித்துவிட்டார்.

அந்த இரண்டு லட்சத்தில் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் அம்மா. கெம்ப், வார்னாக் என்று மாற்றி மாற்றிப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கெம்ப் என்ன செய்வார்னு எனக்குத் தெரியும். அவரோட எல்லாத்துலயும் எனக்கு ஒத்துப்போகாது, ஆனா தெரியும்" என்றார்.

இந்தத் "தெரியும்" என்பதைத்தான் நான் பேச வந்தேன். நம் பக்கத்தில் தோற்கும்போதெல்லாம் இரண்டு வாதம் உண்டாகிவிடுகிறது. "ரொம்ப வலதுபக்கம் போனதால் தோற்றோம், மிதவாதியை நிறுத்தியிருக்க வேண்டும்" என்பது ஒன்று. "இன்னும் வலதுபக்கம் போயிருக்க வேண்டும்" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு என்பது என் வாதம். கெம்ப் மிதவாதியா? ஆறு வாரக் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில் 2019-ல் கையெழுத்துப் போட்டவர். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டத்தில் தேர்தல் ஆண்டிலேயே கையெழுத்துப் போட்டவர். கொள்கையில் அவரைவிட வாக்கர் எங்கே வலதுபக்கம் நின்றார்? அப்படியிருந்தும் ஒருவர் சுலபமாக ஜெயித்தார், ஒருவர் தோற்றார்.

டாலஸ்_சித்தப்பா

தம்பி, நல்லா எழுதுற, ஆனா இந்தப் பாட்டை நான் முப்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். "ஜெயிக்கக்கூடிய ஆளைப் போடுங்க" என்று டிவியில் உட்கார்ந்து சொல்பவர்கள் யாரைப் போடச் சொன்னார்கள்? 2008-ல் மெக்கெயின். தோல்வி. 2012-ல் ராம்னி. 206 எலெக்டோரல் ஓட்டு (மாநிலவாரியாகச் சேர்ந்து ஜனாதிபதியை முடிவு செய்யும் ஓட்டு), தோல்வி. அதற்குப் பிறகு 2013-ல் கட்சித் தலைமை ஒரு பெரிய அறிக்கை போட்டது, குடியேற்ற விஷயத்தில் இறங்கி வந்தால்தான் இனி பிழைப்பு என்று. சரியாக அதற்கு எதிர்த்திசையில் ஒருவர் வந்தார். "இவர் ஜெயிக்கவே முடியாது" என்று சொல்லாத பத்திரிகை உண்டா? 2016-ல் ஜெயித்தார். 2024-ல் 312 எலெக்டோரல் ஓட்டு, மொத்த ஓட்டிலும் முதலிடம். 1980-ல் ரீகனையும் இப்படித்தான் சொன்னார்கள். 44 மாநிலம்.

ஜெயிக்கும் தகுதி என்பது தொண்டன் வாயை அடைக்க மேலே இருப்பவன் வைத்திருக்கும் பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

எடிசன்_மீனா

ஜனநாயகக் கட்சி ஓட்டாளர் ஒருத்தி நுழைகிறேன், செருப்பை வெளியே விட்டுத்தான் வந்தேன்.

சித்தப்பா சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு என்பது எனக்கே ஆச்சரியம். எங்கள் பக்கம் 2020-ல் ப்ரைமரி முழுக்க இந்த ஒரே பேச்சுதான். யாரைப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, டிரம்பை யார் தோற்கடிப்பார் என்றே கேட்டார்கள். "எனக்கு எலிசபெத் வாரனைப் பிடிக்கும், ஆனா பெண்ணுக்கு மத்தவங்க போட மாட்டாங்க" என்று என் தோழிகளே சொன்னார்கள். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று யோசித்து ஓட்டுப் போட்டோம். பைடன் ஜெயித்தார், சரி. அதே குதிரை 2024 ஜூலையில் பாதி ஓட்டத்தில் நின்றதையும் பார்த்தோம்.

உங்கள் பக்கம் நிக்கி ஹேலி. பைடனைத் தோற்கடிக்க நான்தான் பொருத்தம், கருத்துக்கணிப்பைப் பாருங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். வாஷிங்டன் டி.சி.யும் வெர்மாண்டும் மட்டும் கிடைத்தன. 2024 மார்ச் 6 அன்று விலகினார்.

தம்பி, ஒரு கேள்வி. டிசம்பர் மறுசுற்றில் நீ யாருக்குப் போட்டாய்? அதைச் சொல்லாமல் நைசாகத் தாண்டிவிட்டாய்.

மதுரை_மாணிக்கம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அமெரிக்க அரசியலை ஆர்வத்தில் படிப்பவன், அவ்வளவுதான். எனக்கு ஒன்று விளங்கவில்லை. வாக்கர் தேறமாட்டார் என்று கட்சிக்குத் தெரிந்தால் சீட்டே கொடுக்காமல் இருக்கலாமே? எங்கள் ஊரில் தலைமை நேர்காணல் என்று ஒன்று வைக்கும். யாருக்குச் சாதி ஓட்டு, யாரிடம் செலவழிக்கப் பணம் என்று கணக்குப் போடும். கடைசி ராத்திரி பட்டியல் வரும். பிடிக்காதவன் சுயேச்சையாக நிற்பான், டெபாசிட் போகும். முடிந்தது கதை.

பீச்ட்ரீ_பையன்

மீனா அக்கா, வருகிறேன் அந்தக் கேள்விக்கு.

மாணிக்கம் அண்ணா, அதுதான் இங்கே வித்தியாசம். கட்சி சீட்டுக் கொடுப்பதில்லை. ப்ரைமரியில் ஓட்டுப் போடும் மக்கள் கொடுக்கிறார்கள். தலைமை முணுமுணுக்கலாம், பணத்தைப் பிடித்து வைக்கலாம், தடுக்க முடியாது. 2022 ஆகஸ்டில், அப்போது செனட்டில் எங்கள் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் "வேட்பாளரின் தரம்" என்று இழுத்து இழுத்துப் பேசினார் பாருங்கள், அது கையாலாகாத பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவது மாதிரிதான். வாக்கர் விஷயத்தில் அவர் முன்பே ஆதரவு கொடுத்துவிட்டார் என்பது வேறு கதை.

ப்ரைமரிக்கு யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். நடுத்தவணைத் தேர்தல் ஆண்டில், அதாவது ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டில், இரண்டு கட்சி ப்ரைமரிகளையும் சேர்த்தாலே தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்தான் வருகிறார். கூட்டத்துக்கு வருகிறவன், கொடி கட்டுகிறவன், காலையிலிருந்து ராத்திரி வரை செய்தி பார்க்கிறவன். நானும் அந்த ஜாதிதான். எங்களுக்குப் பிடித்த குழம்பில் காரம் தூக்கலாக இருக்கும், நவம்பரில் அதையே ஊர் முழுக்கப் பரிமாறுகிறோம்.

ஜார்ஜியாவில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு கிடையாது. ப்ரைமரி அன்று போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். எங்கள் தெருவில் சில ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அந்த மே மாதம் குடியரசுக் கட்சிச் சீட்டை வாங்கி, 2020-ல் டிரம்ப் ஜார்ஜியாவில் தோற்ற முடிவை மாற்ற மறுத்த மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கருக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, பெருமையாகவே சொன்னார்கள்.

சித்தப்பா, நீங்கள் சொன்ன பட்டியல் முழுக்க ஜனாதிபதித் தேர்தல். அதை நான் மறுக்கவே இல்லை. நாடு முழுக்க நடக்கும் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று நிபுணர்கள் சொல்வதைவிடக் கிளி ஜோசியம் மேல். ஆனால் மாநிலத் தேர்தல்களைப் பாருங்கள். அங்கே குறி ரொம்ப அதிகமாகவே பலிக்கிறது.

கொலம்பஸ்_குமரன்

ஒஹாயோவிலிருந்து. வயது 52, குடியரசுக் கட்சிக்காரன், ரீகன் காலத்தில் வந்த குடும்பம்.

பையன் சொல்வதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. வில்லியம் பக்லி, 1955-ல் நேஷனல் ரிவ்யூ பத்திரிகையைத் தொடங்கியவர், அறுபதுகளில் ஒரு விதி சொன்னார்: ஜெயிக்க வாய்ப்புள்ளவர்களில் மிகவும் வலதுபக்கம் நிற்பவரை ஆதரி. இதில் ஒரு வேடிக்கை பார்த்திருக்கிறேன். மிதவாதிகள் முன்பாதியை மட்டும் படிப்பார்கள். தீவிரமானவர்கள் பின்பாதியை மட்டும் படிப்பார்கள்.

அந்த விதியைச் சொன்ன பக்லியே கோல்ட்வாட்டரைத் தூக்கிப் பிடித்த கூட்டத்தில் ஒருவர். 1964-ல் கோல்ட்வாட்டருக்கு ஆறே மாநிலம், 52 எலெக்டோரல் ஓட்டு. படுதோல்வி. ஆனால் அவருக்காகத் தொலைக்காட்சியில் பேசித்தான் ரீகன் என்ற நடிகர் அரசியல்வாதியானார். சில தோல்விகள் விதைநெல். எல்லாத் தோல்வியையும் விதைநெல் என்று சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டில் சோறு வேகாது.

டெலவேர் 2010 இதற்கு நல்ல பாடம். மைக் காஸில் அந்த மாநிலத்தில் இரண்டு முறை கவர்னர், ஒன்பது முறை காங்கிரஸ் உறுப்பினர். செனட்டுக்கு நின்றால் ஜெயிப்பார் என்று எதிர்க்கட்சியே நினைத்தது. ப்ரைமரியில் கிறிஸ்டின் ஓ'டானல் அவரைத் தோற்கடித்தார். பழைய டிவி பேச்சு ஒன்று வெளியே வந்து, "நான் சூனியக்காரி இல்லை" என்று விளம்பரம் எடுக்க வேண்டிய நிலைமை. நவம்பரில் சுமார் 17 புள்ளியில் தோல்வி. அன்று ஜெயித்த கிறிஸ் கூன்ஸை அதற்குப் பிறகு எங்கள் கட்சியால் அசைக்கவே முடியவில்லை. காஸில் பல விஷயத்தில் எனக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டிருப்பார், சந்தேகமில்லை. கூன்ஸ் எத்தனை முறை எனக்கு ஆதரவாகப் போட்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

டாலஸ்_சித்தப்பா

குமரன் சார், டெலவேர் சரி. அதே 2010-ல் ஃபுளோரிடாவைச் சொல்ல ஏன் மறந்தீர்கள்? ஜெயிக்கும் குதிரை என்று தலைமை தட்டிக்கொடுத்தது கவர்னர் சார்லி கிறிஸ்டை. யாருக்கும் தெரியாத மார்க்கோ ரூபியோவைத் தொண்டர்கள் தூக்கினார்கள். கிறிஸ்ட் சுயேச்சையாக நின்று தோற்று, பிறகு ஜனநாயகக் கட்சிக்கே போய்விட்டார். உங்கள் விதியைக் கேட்டிருந்தால் ரூபியோ இல்லை.

கொலம்பஸ்_குமரன்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூபியோ ஒன்றும் தெருவில் போனவர் இல்லையே. ஃபுளோரிடா சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்தவர். பையன் சொன்ன "தெரியும்" கணக்கில் அவர் தேறுவார்.

பீச்ட்ரீ_பையன்

அதேதான்! நான் கொள்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்கிறேன். இதற்கு முன் ஒரு தேர்தலில் கடுமையாக அடிபட்டு எழுந்திருக்கிறாரா? கையில் பொறுப்புக் கொடுத்தபோது ஏதாவது செய்திருக்கிறாரா? தன் கட்சிக்குள்ளேயே யாரையாவது ஒருமுறை எதிர்த்து நின்றிருக்கிறாரா?

மூன்றாவது முக்கியம். கெம்ப் 2020 முடிவை மாற்ற மறுத்தார், 11,779 ஓட்டு வித்தியாசம் என்றால் அதுதான் முடிவு என்றார். டிரம்ப் கோபத்தில் முன்னாள் செனட்டர் டேவிட் பெர்டூவை அவருக்கு எதிராக ப்ரைமரியில் இறக்கினார். கெம்ப் 74 சதவீதம் வாங்கினார். அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் என் அம்மா மாதிரி ஆட்கள், இவர் யாருக்கும் எடுபிடி இல்லை என்று முடிவு செய்தார்கள். கட்சி விசுவாசத்தை மட்டும் தகுதியாக வைத்தவர்களுக்கு இந்த ஓட்டு வராது.

எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான். எங்கள் கவுண்டியில் ஒரு கட்சிக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். வரி பற்றியோ பள்ளி பற்றியோ என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. "நீ நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்றுதான் கேட்டார்கள். வலதுசாரி என்றால் ஒரு கொள்கை என்று நினைத்து வந்தவன் நான். அங்கே அது ரசிகர் மன்றமாக இருந்தது.

எடிசன்_மீனா

ரசிகர் மன்றம் என்று சொன்னாயே, இந்த இழையிலேயே அருமையான வார்த்தை அதுதான். எங்களிடமும் கிளைகள் உண்டு.

டாலஸ்_சித்தப்பா

உங்களிடம் கிளை மட்டும் இல்லை மேடம், எங்கள் மன்றத்துக்குப் போஸ்டர் ஒட்டுவதும் நீங்கள்தான். 2012 மிசூரியில் உங்கள் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் என்ன செய்தார்? எங்கள் ப்ரைமரியில், டாட் ஏக்கின் "ரொம்பவும் பழமைவாதி" என்று விளம்பரம் கொடுத்து எங்கள் தொண்டர்களை அவர் பக்கம் தள்ளினார். பிறகு அதைத் தன் புத்தகத்திலேயே பெருமையாக எழுதினார். 2022 மிச்சிகனில் டிரம்ப் பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட பீட்டர் மெய்ஜரை வீழ்த்த, எதிராளி ஜான் கிப்ஸுக்கு விளம்பரம் போட்டது உங்கள் கட்சி. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று ஒரு வாய், அதே ஆபத்துக்கு இன்னொரு கையால் தீனி.

எடிசன்_மீனா

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கிப்ஸ் தோற்றார், இடம் எங்களுக்குக் கிடைத்தது, கணக்கு பலித்தது. எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை. ஒருமுறை பலிக்காமல் போனால் என்ன ஆகும் என்ற பயம்.

ஆனால் சித்தப்பா, நாங்கள் போட்டது விளம்பரம், ஓட்டு அல்ல. வலையை விரித்தோம், பறந்து வந்து விழுந்தது யார்?

நெறியாளர்

இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டுள்ளன. யார் யாருடைய அப்பா எப்படிக் குடியுரிமை வாங்கினார் என்பது இந்த இழைக்குத் தேவையில்லை.

மதுரை_மாணிக்கம்

அந்த நீக்கிய இரண்டையும் நான் படித்துவிட்டேன், எங்கள் ஊர்த் தேநீர்க் கடை நினைவுக்கு வந்தது.

இன்னொரு கேள்வி. நல்ல ஆளாகவே நிறுத்தினாலும், எதிர்க்கட்சி கோட்டையில் ஜெயிக்க முடியுமா?

கொலம்பஸ்_குமரன்

முன்பு முடிந்தது. இப்போது கஷ்டம். 2016-ல் செனட் தேர்தல் நடந்த எல்லா மாநிலத்திலும், ஜனாதிபதிக்கு எந்தக் கட்சி ஜெயித்ததோ அதே கட்சிதான் செனட்டிலும் ஜெயித்தது. 2020-ல் மேய்னில் சூசன் காலின்ஸ் ஒருவர் மட்டும் தப்பினார். மேரிலாந்தில் லாரி ஹோகன் இரண்டு முறை கவர்னர், எல்லோருக்கும் பிடித்த மனிதர். 2024-ல் செனட்டுக்கு நின்றார். டிரம்பைவிடப் பல புள்ளிகள் அதிகம் வாங்கியும் தோல்வி. ஆளைப் பிடிக்கிறது, ஆனால் அவர் போனால் செனட் யார் கைக்குப் போகும் என்று ஜனங்கள் பார்க்கிறார்கள்.

ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் மாநிலத்தில் ஆள் முக்கியம். 2024-ல் டிரம்ப் ஜெயித்த அரிசோனாவில் செனட்டுக்கு நின்ற எங்கள் கட்சியின் கேரி லேக் தோற்றார். டிரம்ப் ஜெயித்த வட கரோலினாவில் மார்க் ராபின்சன் கவர்னர் தேர்தலில் சுமார் 15 புள்ளியில் தோற்றார். எங்கள் ஒஹாயோவில் 2022-ல் கவர்னர் மைக் டிவைன் 25 புள்ளியில் ஜெயித்த அதே வாக்குச்சீட்டில், செனட்டுக்கு நின்ற ஜே.டி. வான்ஸ் 6 புள்ளியில்தான் ஜெயித்தார். சாய்ந்த மாநிலம் என்பதால் வான்ஸ் தப்பித்தார், இப்போது துணை ஜனாதிபதி.

எடிசன்_மீனா

ஒஹாயோ என்றதும் கேட்கிறேன், விவேக் ராமசாமி கவர்னருக்கு நிற்பதை எப்படிப் பார்க்கிறீர்கள்? நம் ஆட்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

கொலம்பஸ்_குமரன்

தாழ்த்த என்ன இருக்கிறது? சின்சினாட்டியில் பிறந்தவர், வீட்டில் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பம். 2025 பிப்ரவரியில் அறிவித்தார், டிரம்ப் ஆதரவு உடனே வந்தது, மே மாதத்திலேயே மாநிலக் கட்சியும் ஆதரவு கொடுத்துவிட்டது. ப்ரைமரிக்கு ஒரு வருஷம் முன்பு! மாநில அட்டர்னி ஜெனரல் டேவ் யோஸ்ட் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். மாணிக்கம் சொன்ன "தலைமைப் பட்டியல்" இங்கேயும் இப்படிப் பின்வாசல் வழியாக வருவதுண்டு.

எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. பாபி ஜிண்டால் கத்தோலிக்கர் ஆனார், லூசியானா கவர்னர் ஆனார். நிக்கி ஹேலி கிறித்தவர் ஆனார், தென் கரோலினா கவர்னர் ஆனார். அவர்கள் நம்பிக்கையைச் சந்தேகிக்க நான் யார்? ஆனால் இந்துவாகவே இருந்துகொண்டு இந்தக் கட்சியில் மேலே போக முடியுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் கிடைக்காது. 2024 ஜனாதிபதி வேட்பாளர் போட்டிக்காக அயோவா போனபோது விவேக்கிடம் அவர் மதத்தைப் பற்றி நேராகவே கேட்டார்கள். அவரும் மழுப்பாமல் இந்து என்றார். நான்காம் இடம், 8 சதவீதத்துக்கும் குறைவு. மதத்தால்தானா என்றால், இல்லை, டிரம்ப் நிற்கும்போது வேறு யாருக்கும் இடமில்லை. ஆனால் கோயில் கார் நிறுத்தத்தில் இந்தப் பேச்சு வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

பீச்ட்ரீ_பையன்

நான் அவருக்கு என் மூன்று கேள்வியைத்தான் வைப்பேன். தேர்தலில் அடிபட்டிருக்கிறார், சரி. அரசுப் பொறுப்பு இருந்ததில்லை. மூன்றாவது கேள்விக்கு இன்னும் பரீட்சையே நடக்கவில்லை. நம் மொழி பேசுகிறார் என்பதற்காக மதிப்பெண் கூட்டினால், நானும் ரசிகர் மன்றத்தில் சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். கூட்டத் தோன்றுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு 2026-ல் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் ஆசாஃபை எதிர்த்து செனட் தேர்தல். கெம்ப் நின்றிருந்தால் இந்த இழையே தேவையில்லை. 2025 மே மாதம் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, டெரிக் டூலிக்கு ஆதரவு கொடுத்தார். டூலி ஃபுட்பால் பயிற்சியாளர், தேர்தலில் நின்றதே இல்லை. அவருடைய அப்பா வின்ஸ் டூலிதான் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஹெர்ஷல் வாக்கருக்குப் பயிற்சியாளர். என் கணக்குப்படி ஜெயிக்கத் தகுதியான ஒரே ஆள், என் மூன்று கேள்வியிலும் இன்னும் எழுதாத ஆளைக் கைகாட்டுகிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

டாலஸ்_சித்தப்பா

மண்குதிரையில் ஏறாதே என்று சொன்னவரே மண்ணைக் குழைக்கிறார் என்கிறாய். ஹா ஹா. மைக் காலின்ஸும் பட்டி கார்ட்டரும் இருக்கிறார்களே, இரண்டு பேரும் காங்கிரஸில் இருப்பவர்கள்.

எடிசன்_மீனா

தம்பி. டிசம்பர். மறுசுற்று. இது இரண்டாவது முறை.

பீச்ட்ரீ_பையன்

சரி அக்கா.

நவம்பரில் நான் கெம்புக்குப் போட்டேன். செனட்டுக்கு மூன்றாவதாக நின்ற லிபர்டேரியன் என்ற சிறு கட்சியின் சேஸ் ஆலிவருக்குப் போட்டேன். அவருக்கு விழுந்த 81,000 சொச்சம் ஓட்டில் என்னுடையது ஒன்று. வார்னாக் 49.4, வாக்கர் 48.5, ஐம்பதை யாரும் தொடவில்லை, அதனால்தான் மறுசுற்றே வந்தது. வீட்டில் அதற்கு வேறு திட்டு, உன்னால் இன்னும் நாலு வாரம் டிவியில் விளம்பரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று.

டிசம்பரில் இரண்டே பெயர். வேறு சமாதானமும் கிடையாது. நவம்பரில் "செனட் நம் கைக்கு வர வேண்டும், ஆளைப் பார்க்காதே" என்று சொன்னவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் மறுசுற்றுக்கு முன்பே நெவாடா முடிவு வந்து, செனட் ஜனநாயகக் கட்சி கைக்குப் போய்விட்டது. ஆக மிச்சம் இருந்தது ஆள் மட்டும்தான். நான் இங்கே இவ்வளவு நேரம் எழுதிய எல்லாவற்றின்படியும் நான் ஒன்று வீட்டில் இருந்திருக்க வேண்டும், இல்லை அம்மா போட்ட ஆளுக்குப் போட்டிருக்க வேண்டும்.

வாக்கருக்குப் போட்டேன். வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, திரையில் "கு" போட்ட கட்சியைத் தேடி விரல் தானாகப் போனது. ஏன் என்று கேட்டால் இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. வார்னாக் பெயரை அழுத்த முடியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அம்மாவை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வார்னாக்குக்குப் போட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது, "நீ எதுக்குப் போட்ட, நான் எதுக்குப் போட்டேன், ரெண்டும் கழிஞ்சு போச்சு. வீட்ல இருந்திருந்தா பெட்ரோலாவது மிச்சம்" என்றார்.

டாலஸ்_சித்தப்பா

கடைசியில் நம்ம பையன்!

எடிசன்_மீனா

அம்மாவுக்கு இங்கே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடு தம்பி. இனிமேல் அவரோடுதான் பேசப் போகிறேன்.